பிரிட்டிஷ் காசில் அச்சுப் பிழை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னிடம் ‘நியூ பென்ஸ்’ என்று போட்ட 2 பென்ஸ் இருக்கிறது. ஆயிரம் பவுண்டுக்கு விற்கிறார்களாமே?

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1971ல் ஒரு பவுண்டுக்கு நூறு பென்ஸ் என்ற தசம நாணய முறை வந்ததிலிருந்து 1981 வரைக்கும் எல்லா 2 பென்ஸிலும் ‘நியூ பென்ஸ்’ என்றுதான் இருக்கும், பழைய பென்னியோடு குழப்பிக்கொள்ளக் கூடாதே என்று போட்டது. கோடிக்கணக்கில் அடித்த காசு அது. 1982ல் மக்களுக்குப் பழகிவிட்டது என்று ‘டூ பென்ஸ்’ என மாற்றினார்கள். ஆனால் அடுத்த வருடம், 1983ல், பழைய அச்சு எப்படியோ உள்ளே வந்து கொஞ்சம் காசு மறுபடி ‘நியூ பென்ஸ்’ என்றே அடிபட்டுவிட்டது. அந்த ஒரு வருடத்துக் காசுதான் பிழை.

1983ல் 2 பென்ஸ் புழக்கத்துக்காக அடிக்கப்படவில்லை, சேகரிப்பவர்களுக்கு விற்கும் தொகுப்புகளுக்கு மட்டும்தான் அடித்தார்கள். அதனால் கல்லாவில் அது கிடைக்க வேண்டுமென்றால் யாரோ அட்டைப் பெட்டியைப் பிரித்து அதைச் செலவழித்திருக்க வேண்டும். நடக்காது என்று சொல்ல மாட்டேன். உண்மையான 1983 காசு சில நூறு பவுண்டு வரை போகிறது. உங்களுடையதில் 1971 அல்லது 1979 என்று இருந்தால் அதன் மதிப்பு இரண்டு பென்ஸ். சித்தப்பா லண்டனிலிருந்து கொண்டுவந்து பீரோவில் நாற்பது வருடம் இருந்தாலும் இரண்டு பென்ஸ்தான்.

சரி, பிழை நாணயம் என்று எதைத்தான் சொல்வது?

காசு தொழிற்சாலையை விட்டு வெளியே வருவதற்கு முன்னால் நடந்த தவறு பிழை. வந்த பிறகு நடந்தது எல்லாம் வெறும் சேதம். இந்த ஒரு கோட்டை மனத்தில் போட்டுக்கொண்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

அதற்குக் காசு எப்படிப் பிறக்கிறது என்று தெரிய வேண்டும். பிரிட்டிஷ் காசு அடிக்கும் அரசு நாணயச் சாலையான ராயல் மின்ட் வேல்ஸில் லான்ட்ரிசன்ட் என்ற ஊரில் இருக்கிறது, 1968ல் திறந்தார்கள், அதற்கு முன்னால் லண்டன் டவர் ஹில்லில் இருந்தது. உலோகத் தகட்டிலிருந்து வெற்று வில்லைகளை வெட்டி எடுப்பார்கள். அதைச் சூடேற்றி மென்மையாக்குவார்கள். ஓரத்தை நெருக்கி மேடாக்குவார்கள். அப்புறம் அச்சு இயந்திரம்: மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, சுற்றிலும் காலர் என்ற வளையம். வில்லை காலருக்குள் விழும், 60 டன் அழுத்தத்தில் ஒரு அடி, அடுத்தது. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு காசு என்று ஓடும் இயந்திரத்தில், ஒன்று சரியாக உட்காராமல் போவது அதிசயமில்லை. அது சல்லடையையும் பரிசோதனையையும் தாண்டி வங்கிக்கு வந்து சேருவதுதான் அதிசயம்.

அதனால் கையில் விசித்திரமான காசு வந்தால் நான் கேட்பது ஒரே கேள்வி: மேலே சொன்ன எந்தப் படியில் இது நடந்திருக்க முடியும்? பதில் இல்லையென்றால் அது பிழை இல்லை. யாரோ சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள், அல்லது கார் ஏறியிருக்கிறது.

ஆண்டே இல்லாத 20 பென்ஸ் பற்றிச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் பிடித்த காசு இது, எனக்கும்தான். 2008ல் மேத்யூ டென்ட் என்ற இளைஞர் வரைந்த புது வடிவங்கள் வந்தன. 1 பென்னி முதல் 50 பென்ஸ் வரை ஆறு காசின் பூப்பக்கங்களையும் சேர்த்து வைத்தால் அரச கேடயம் முழுதாகத் தெரியும். 20 பென்ஸில் அதற்கு முன் பூப்பக்கம் முடிசூட்டிய ரோஜா, ஆண்டும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. புது வடிவத்தில் கேடயத் துண்டுக்கு இடம் வேண்டுமே என்று ஆண்டைத் தலைப்பக்கத்துக்கு மாற்றினார்கள். மாற்றியதும் என்ன ஆயிற்று? யாரோ பழைய தலை அச்சை, புதுப் பூ அச்சோடு இயந்திரத்தில் மாட்டிவிட்டார்கள். பழைய தலையில் ஆண்டு இல்லை, புதுப் பூவிலும் ஆண்டு இல்லை. பிரிட்டனில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டில்லாத காசு புழக்கத்துக்கு வந்ததில்லை.

இப்படி ஜோடி மாறிய அச்சில் பிறந்த காசுக்கு ‘மியூல்’ என்று பெயர், கோவேறு கழுதை என்று அர்த்தம், குதிரைக்கும் கழுதைக்கும் பிறந்தது. பொருத்தமான பெயர்தான்.

எப்படிப் பார்ப்பது? முதலில் காசைத் திருப்பிப் பூப்பக்கத்தைப் பாருங்கள். ரோஜா இருந்தால் விட்டுவிடுங்கள், ஆண்டு அந்தப் பக்கத்திலேயே இருக்கும். தலையை மட்டும் பார்த்து ‘ஆண்டு இல்லை, ஆண்டு இல்லை’ என்று படம் அனுப்புகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் இந்த வகை. கேடயத் துண்டு இருந்தால் மட்டும் தலையைப் பாருங்கள், அங்கேயும் ஆண்டு இல்லையென்றால் உட்கார்ந்து கொள்ளுங்கள். அடுத்தது, சுரண்டி எடுத்த கள்ளத்தனம். தலைப்பக்கத்து எழுத்து சுற்றிலும் சீராகப் பரவியிருக்கிறதா, அல்லது ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் பல் விழுந்த மாதிரி வெற்றிடமும் கீறலும் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். அசலில் இடைவெளி தெரியாது, ஏனென்றால் அந்த அச்சில் ஆண்டுக்கு இடமே விடப்படவில்லை.

எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் இரண்டு லட்சத்துக்கும் இடையே என்று ராயல் மின்ட் கணித்தது. 2009ல் செய்தி வந்தபோது ஒரு வணிக நிறுவனம் காசுக்கு 50 பவுண்டு தருவதாக விளம்பரம் செய்தது, இணையத்தில் ஆயிரக்கணக்கில் கேட்டவர்களும் உண்டு. அந்தக் காய்ச்சல் அடங்கிவிட்டது. இப்போதும் ஏறக்குறைய அந்த 50 பவுண்டைச் சுற்றித்தான் விலை, நல்ல நிலையில் இருந்தால் கூட.

பன்னிரண்டு பக்க 1 பவுண்டிலும் மியூல் உண்டா?

உண்டு. 2017 மார்ச் 28ல் புழக்கத்துக்கு வந்த காசு அது, ஆனால் 2016 என்று ஆண்டு போட்டதும் நிறைய இருக்கிறது, முன்கூட்டியே அடித்து வைத்தது. கள்ளக்காசு அடிப்பவர்களைத் தடுக்க உள் ஓரத்தின் கீழ்ப்பகுதியில் இரண்டு பக்கமும் பொடி எழுத்து வைத்தார்கள்: தலைப்பக்கம் ‘ஒன் பவுண்ட்’ என்று, பூப்பக்கம் ஆண்டு. தலையில் பெரிதாக 2016 என்று இருந்து, பூப்பக்கப் பொடி எழுத்தில் 2017 என்று இருந்தால் அது பிழை. கண்ணுக்குத் தெரியாது, பத்து மடங்கு லென்ஸ் வேண்டும், இல்லையென்றால் கைபேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். தேய்ந்த காசில் ஆறையும் ஏழையும் பிரித்துச் சொல்வது கண்ணுக்கு வேலைதான்.

இதே காசில் ‘பொரித்த முட்டை’ என்று செல்லப்பெயர் வைத்த வகையும் உண்டு. நடு உலோகம் வளையத்துக்கு மேல் ஒழுகிப் பரவின மாதிரி தெரியும், மஞ்சளும் வெள்ளையும் கலந்து. இரண்டு துண்டும் சரியாகப் பொருந்தாமல் அடிபட்டதால் வருவது. லேசான கசிவுக்கு விலை இல்லை, சட்டென்று கண்ணில் படும் அளவு இருக்க வேண்டும்.

2 பவுண்டு காசின் பக்கவாட்டு எழுத்து தலைகீழாக இருக்கிறது!

இருக்கும். பாதிக் காசில் அப்படித்தான் இருக்கும். பக்கவாட்டு எழுத்தை வில்லையில் முதலில் பதித்துவிட்டு அப்புறம்தான் அச்சடிப்பார்கள், வில்லை எந்தப் பக்கம் மேலாக விழுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. பூவா தலையா மாதிரிதான். பழைய வட்ட 1 பவுண்டிலும் இதே கதை.

இதோடு சேர்த்து 1605ல் லண்டன் நாடாளுமன்றத்தை வெடிவைக்கப் பார்த்த வெடிமருந்துச் சதியின் 2005 நினைவுக் காசையும் சொல்லிவிடுகிறேன். பக்கவாட்டில் ‘ரிமெம்பர் ரிமெம்பர்’ என்று தொடங்கும் வரியில் முதல் ஆர் எழுத்து பி மாதிரி தெரிவது நிறையக் காசில் இருக்கிறது, எழுத்தின் கால் சரியாகப் பதியவில்லை, அவ்வளவுதான். அதை நூறு பவுண்டு என்று பட்டியலிட்டிருப்பதைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள். ஆனால் பக்கவாட்டில் எழுத்தே இல்லாமலோ, வேறு நினைவுக் காசின் வாசகம் இருந்தாலோ அது வேறு விஷயம், எடுத்து வையுங்கள். ஒன்று மட்டும், 2 பவுண்டில் போலிகளும் உண்டு, வட்ட 1 பவுண்டில் ஒரு காலத்தில் நூற்றுக்கு மூன்று போலி என்று மின்டே கணக்குச் சொன்னது. பக்கவாட்டு எழுத்து கோணலாக, ஆழமில்லாமல் இருப்பது போலியின் முதல் அடையாளம்.

முதல் உலகப்போர்த் தளபதி கிச்சனரின் படம் போட்ட 2014 2 பவுண்டில், தலைப்பக்கம் இருக்க வேண்டிய ‘டூ பவுண்ட்ஸ்’ இல்லாமல் வந்ததுதான் நல்ல பிழை.

ராணி தலைகீழாக நிற்கிறார், இது பிழையா?

முதலில் சரியாகத் திருப்புகிறீர்களா? தலை நேராக இருக்கும்படி மேலேயும் கீழேயும் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, கதவைத் திறப்பது போல் பக்கவாட்டில் சுழற்றுங்கள். இன்றைய பிரிட்டிஷ் காசில் பூப்பக்கமும் நேராக நிற்க வேண்டும். பத்து டிகிரி சாய்ந்திருந்தால் அதைச் சகஜம் என்று விட்டுவிடலாம். தொண்ணூறு, நூற்று எண்பது என்று போனால்தான் வாங்க ஆள் உண்டு. பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்த பிரிட்டானியா இருக்கும் 2015 2 பவுண்டில் இப்படித் தலை நன்றாகச் சுழன்றுபோனவை வெளியே வந்தன, இயந்திரத்தில் அச்சு தளர்ந்து திரும்பியிருக்கிறது.

வெள்ளி நிறத்தில் 2 பென்ஸ் கிடைத்தது. என்ன செய்வது?

சந்தோஷப்படுவதற்கு முன் எடை போடுங்கள். இதில் நானே ஏமாந்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இணைய ஏலத்தில் ஒருவர் ‘வேறு உலோகத்தில் அடித்த அபூர்வப் பிழை’ என்று 1 பென்னி ஒன்றை விற்றார். பளபளவென்று வெள்ளி. நாற்பது பவுண்டு கொடுத்தேன். வந்ததும் தராசில் வைத்தால் 3.56 கிராம், அச்சு அசலாகச் சாதாரண வெண்கலப் பென்னியின் எடை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது: வேறு உலோகத்தில் அடித்திருந்தால் எடை எப்படி நூலளவும் பிசகாமல் இருக்கும்? பள்ளிக்கூட வேதியியல் வகுப்பில் செம்புக் காசுக்குத் துத்தநாகம் பூசி வெள்ளியாக்கிக் காட்டுவார்கள், அதைச் சூடேற்றினால் பித்தளை நிறம் வரும். யாரோ ஒரு பையனின் செய்முறைத் தேர்வை நாற்பது பவுண்டுக்கு வாங்கியிருக்கிறேன். எழுத்துகளின் அடிவாரத்தில் ஊசியால் லேசாகத் தொட்டதும் செம்பு தெரிந்தது.

சரியான எடைகளை எழுதிக்கொள்ளுங்கள்: 1 பென்னி 3.56, 2 பென்ஸ் 7.12, 5 பென்ஸ் 3.25, 10 பென்ஸ் 6.5, 20 பென்ஸ் 5, 50 பென்ஸ் 8, பன்னிரண்டு பக்க 1 பவுண்டு 8.75, 2 பவுண்டு 12 கிராம். பழைய பெரிய 5, 10, 50 பென்ஸுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. எடை கொஞ்சம் முன்பின் இருப்பது இயல்பு. ராயல் மின்ட் 2024 வரை வெளிநாடுகளுக்கும் காசு அடித்துக் கொடுத்ததால், வேற்று நாட்டு வில்லை ஒன்று தொட்டியின் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்து பிரிட்டிஷ் அச்சுக்குள் விழுந்தது உண்டு. அப்படி அடிபட்ட காசின் எடையும் தடிமனும் அந்த வேற்று வில்லைக்குரியதாக இருக்கும், சிறிய வில்லையாக இருந்தால் ஓரத்து எழுத்துகள் பாதியில் நின்றுபோகும்.

காந்தமும் வேண்டும். 1992 செப்டம்பரில் 1, 2 பென்ஸ் வெண்கலத்திலிருந்து செம்பு பூசிய எஃகுக்கு மாறின. அதற்குப் பிந்தையது காந்தத்தில் ஒட்டும், முந்தையது ஒட்டாது. 1998 2 பென்ஸ் மட்டும் இரண்டு வகையிலும் வந்தது, அதனால் ஒட்டவில்லை என்றால் பதற வேண்டாம். எஃகு வில்லை செம்புப் பூச்சு இல்லாமலேயே அடிபட்டுச் சாம்பல் நிறத்தில் வருவதும் பிழைதான், அது காந்தத்தில் ஒட்டும்.

எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிகிறது. இரட்டை அச்சா?

பெரும்பாலும் இல்லை. அடிபட்டுப் பிரியும் நொடியில் அச்சு லேசாக அசைந்தால் எழுத்தின் ஓரம் இழுபட்டு, ஒரு தட்டையான படிக்கட்டு மாதிரித் தெரியும். எழுத்து மெலிந்து போயிருக்கும். இதற்கு விலை இல்லை. உண்மையான இரட்டை அச்சு என்பது அச்சு செய்யும்போதே உருவம் இரண்டு முறை இடம் மாறிப் பதிந்தது. அதில் இரண்டாவது உருவமும் முதலாவது போலவே உருண்டு திரண்டு, முனைகளில் பிளவுபட்டு நிற்கும், எழுத்து தடித்திருக்கும். அந்த அச்சில் அடித்த எல்லாக் காசிலும் அதே இடத்தில் அதே மாதிரி இருக்கும்.

ஒரு எழுத்தைக் காணோம், ஒரு கோடு கூடுதலாக இருக்கிறது, இதெல்லாம்?

அச்சின் பள்ளத்தில் எண்ணெயும் தூசியும் அடைத்தால் அந்த எழுத்து காசில் பதியாது. அச்சு விரிசல் விட்டால் காசில் மேடான மெல்லிய கோடு வரும். மேடு என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பள்ளமான கோடு கீறல், மேடான கோடுதான் அச்சு விரிசல். அச்சின் ஓரம் உடைந்தே விழுந்துவிட்டால் அந்த இடத்தில் உருவமில்லாத கட்டி ஒன்று நிற்கும், இது நன்றாக விலை போகும். மற்றவை சில பவுண்டு, பிடித்தால் வைத்துக்கொள்ளலாம். 1946 பென்னியில் ‘ஒன்’ என்ற சொல்லுக்குப் பின் ஒற்றை மேற்கோள்குறி போல ஒரு வடு வந்த வகை இருக்கிறது, அச்சுப் பழுதுதான், ஆனால் அதற்கென்றே தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

ஓரம் வெட்டுப்பட்ட காசு அசலா, யாராவது வெட்டினதா?

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. தகட்டில் வில்லை வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்னால் வெட்டின ஓட்டையின் மேல் அடுத்த வெட்டு விழும், வில்லையில் பிறை போல ஒரு கடி. அந்தக் குறைபட்ட வில்லை ஓரம் மேடாக்கும் இயந்திரத்துக்குப் போகும்போது, கடிபட்ட இடத்தில் எதிர்ப்பு இல்லாததால் அதற்கு நேர் எதிர்ப்பக்கத்து ஓரமும் சரியாக நெருக்கப்படாது. ஆகவே அசல் கடியில், நேர் எதிரே இருக்கும் விளிம்பு மங்கி, தட்டையாக இருக்கும். அரம் வைத்து ராவினவனுக்கு அது தோன்றாது. வெட்டு அருமையாக இருக்கும், எதிரே விளிம்பு கம்பீரமாக நிற்கும், மாட்டிக்கொள்வான்.

காலர் ஏறாமல் அடித்தது அகலமாகப் பரந்திருக்கும். மையம் விலகி அடித்ததில் ஒரு பக்கம் வெறும் பிறையாக நிற்கும், ஆண்டு தெரிந்தால் விலை கூடும். முன் காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிந்தால் ராணியின் முகம் கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி, பள்ளமாக இருக்கும். இந்தக் கடைசி வகையைப் போலியாகச் செய்ய இரண்டு காசை வைஸ் என்ற பட்டறை இறுக்கியில் வைத்து இறுக்குவார்கள். அதில் பின்பக்கம் நசுங்கியிருக்கும், அசலில் நசுங்காது.

இரண்டு பக்கமும் தலை இருக்கிறது!

மாயவித்தைக் கடையில் கிடைப்பது. ஒரு காசைக் குடைந்து இன்னொன்றை இழைத்து உள்ளே பொருத்துவார்கள். விளிம்பு மேட்டின் உள்பக்கம் நகத்தால் தடவிக்கொண்டே போங்கள், பொருத்தின கோடு எங்கேயாவது தட்டும்.

கியூ கார்டன்ஸ் 50 பென்ஸ் பிழை நாணயமா?

இல்லை. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவுக்காக 2009ல் 2,10,000 மட்டும் அடித்ததால் அபூர்வம், குற்றமேதும் இல்லாத காசு. 2011 ஒலிம்பிக் நீச்சல் 50 பென்ஸ் இன்னொரு மாதிரி: முதல் வடிவில் தண்ணீர்க் கோடுகள் நீந்துபவரின் முகத்தின் மேல் ஓடின, பிறகு முகம் தெளிவாகத் தெரிய மாற்றினார்கள். மாற்றுவதற்கு முன் கொஞ்சம் வெளியே போய்விட்டது, ஆயிரம் பவுண்டுக்கு மேல் விலை போகிறது. கறாராகச் சொன்னால் அது பிழை அல்ல, கைவிட்ட வடிவம். 1887 ஆறு பென்ஸ் கதையும் அப்படித்தான், பூப்பக்கம் அரை சவரின் என்ற தங்கக் காசைப் போலவே இருந்ததால் ஆட்கள் தங்க முலாம் பூசி அரை சவரின் என்று தள்ளிவிட ஆரம்பித்தார்கள், அவசரமாக மாற்ற வேண்டியதாயிற்று.

வெள்ளி முதலீட்டுக் காசுகளில்?

2014ல் ஒரு அவுன்ஸ் பிரிட்டானியாவும் சீன நாட்காட்டியின் குதிரை ஆண்டுக் காசும் தலையை மாற்றிக்கொண்டன. பிரிட்டானியாவின் தலைப்பக்க ஓரத்தில் பல் பல்லாக இருக்கும், குதிரையினுடையது வெறுமையாக இருக்கும். உங்களிடம் இருப்பது மாறியிருக்கிறதா என்று பாருங்கள். முதலீட்டுக்கு வாங்கினவர்கள் பலர் உறையைப் பிரித்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

தேய்த்துச் சுத்தம் செய்யலாமா?

கூடாது. புளி, எலுமிச்சை, பற்பசை, எதுவும் கூடாது. வெண்கலத்தின் பழுப்பு போனால் விலையும் போகும். பிடிக்கும்போது ஓரத்தில் பிடியுங்கள். மலிவான பிவிசி உறையில் வைத்தால் பச்சை பிசுக்கு பிடிக்கும், காகித உறை தேவலை.

விலையை எங்கே பார்ப்பது, எங்கே விற்பது?

ஈபேயில் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், ‘விற்றவை’ என்ற வடிகட்டியைத் தட்டிப் பாருங்கள். ஐயாயிரம் பவுண்டு கேட்டவர் பக்கத்தில் அதே காசு மூன்று பவுண்டுக்குப் போயிருக்கும். உண்மையாகவே பெரிய பிழை என்று தோன்றினால் பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற தரச்சான்று நிறுவனங்களுக்கு அனுப்பலாம், ஆனால் கட்டணம், தபால், காப்பீடு என்று சேர்ந்துவிடும், ஐம்பது பவுண்டுக் காசுக்கு அது கட்டுப்படியாகாது. ஸ்பிங்க், நூனன்ஸ் மாதிரி ஏலக்கூடங்கள் நல்ல பொருளுக்கு மதிப்புச் சொல்வார்கள். கழிவுத்தொகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே தேடலாம்?

வங்கியில் சில்லறைப் பை வாங்குங்கள். 20 பென்ஸ் பை 10 பவுண்டு, அதாவது ஐம்பது காசு. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே புரட்டிவிடலாம், பார்த்ததை இன்னொரு நாள் செலவழித்துவிடலாம், நஷ்டமே இல்லாத பொழுதுபோக்கு. எனக்குக் கிடைத்த ஒரே ஆண்டில்லாத 20 பென்ஸ் நான்காவது பையில் வந்தது, அதற்கப்புறம் எத்தனை பை என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பிழைக் காசைக் கடையில் கொடுத்தால் வாங்குவார்களா?

முகமதிப்புக்கு வாங்குவார்கள். அதனால்தான் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும். என்னுடைய பொரித்த முட்டைப் பவுண்டை என் மனைவி சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் போட்டுவிட்டார். நல்லவேளை, வண்டியைத் திருப்பி விட்டதும் அது காசைத் துப்பிவிட்டது.